ஊரு கூப்பிட்டு வந்தவங்கள நடுவழியில விட்டுடாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கனடாவுல மாகாண நாமினேஷன் மூலமா, அதாவது இந்த ஆள் எங்களுக்கு வேணும்னு ஒரு மாகாணமே பேர் குடுக்குறது மூலமா, பி.ஆர் (நிரந்தரமாத் தங்குற உரிமை) வாங்குறது எப்படின்னு போன வாரம் உங்க பேப்பர்ல வந்த கட்டுரையை ஊர்ல இருந்து என் சித்தி போட்டோ புடிச்சு வாட்ஸ்அப்ல அனுப்பியிருந்தாங்க. முழுசா படிச்சேன். நாமினேஷன் கிடைச்சா 600 பாயின்ட், ஸ்கோர் கம்மியா இருந்தாலும் கவலை வேண்டாம், ஏதாவது ஒரு மாகாணம் கூப்பிட்டுக்கும்னு எழுதியிருக்கீங்க. 600 பாயின்ட் கணக்கு சரிதான். ஆனா மத்ததெல்லாம் ரெண்டு மூணு வருஷத்துக்கு முன்னாடி இருந்த கனடாவுக்குத்தான் பொருந்தும், 2024 கடைசியில இருந்து இங்க என்னென்ன மாறிப்போச்சுன்னு அதுல ஒரு வரி கூட இல்ல, அதைப் படிச்சிட்டு நிலத்தை வித்தாவது பையனை அனுப்பிடலாம்னு முடிவு பண்ற குடும்பங்க இருக்கும், அதனாலதான் நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டு வந்து இதை எழுதுறேன்.

நான் இருக்குறது சஸ்காச்சுவான் மாகாணத்துல, ரெஜைனாவுல. முதியோர் இல்லத்துல கேர் அசிஸ்டென்ட் வேலை. வீட்டுக்காரர் மெஷினிஸ்ட், விவசாய மெஷினுக்கு பார்ட்ஸ் செய்யுற ஒர்க்‌ஷாப்ல இருக்கார். எங்களுக்கு பி.ஆர் கிடைச்சதே இந்த மாகாணம் நாமினேட் பண்ணதாலதான். அதனால இந்தத் திட்டத்து மேல எனக்கு துளி கூட கோவம் கிடையாது, இது ரொம்ப நல்ல திட்டம், இதைக் கெடுத்துடக் கூடாதேங்குற கவலைதான் எனக்கு.

இது எதுக்கு வந்துச்சுன்னு மொதல்ல சொல்லிடுறேன். தொண்ணூறுகள்ல கனடாவுக்கு வந்தவங்க பெரும்பாலும் டொரான்டோ, வான்கூவர், மான்ட்ரியால்னு மூணு ஊர்லயே போய் இறங்குனாங்க, நடுவுல இருக்குற மாகாணங்களுக்கு ஆளே வரல. வின்னிபெக்ல துணி தைக்கிற ஃபாக்டரிங்க தையல் மெஷின் ஓட்ட ஆள் கிடைக்காம தவிச்சிருக்காங்க, திருப்பூர்க்காரங்களுக்கு இது நல்லாப் புரியும். தலைநகர் ஒட்டாவாவுல உக்காந்து பாயின்ட் போடுறவங்களுக்கு டிகிரி தெரியும், இங்கிலீஷ் தெரியும், ஆனா ஒரு சின்ன ஊருக்கு இன்னிக்கு வெல்டர் வேணுமா நர்ஸ் வேணுமான்னு எப்படித் தெரியும்? அதனால எங்களுக்கு வேண்டிய ஆளை நாங்களே காட்டுறோம், நீங்க பி.ஆர் குடுங்கன்னு மாகாணங்க கேட்டுச்சு. 1998-ல ஒட்டாவாவோட ஒப்பந்தம் போட்டு மொதல்ல ஆரம்பிச்ச மாகாணங்கள்ல மானிட்டோபாவும் ஒண்ணு. இன்னிக்கு க்யூபெக்கையும் நூனவுட்டையும் தவிர மத்த எல்லா மாகாணத்துலயும், யூக்கான், நார்த்வெஸ்ட் டெரிட்டரீஸ்லயும் இந்தத் திட்டம் இருக்கு. க்யூபெக்குக்கு 1991-லயே தனி ஒப்பந்தம், அது வேற கதை.

சித்தி மாதிரி ஆளுங்களுக்கு இந்த 600 பாயின்ட் ஏன் இவ்வளவு பெருசுன்னு ஒரு உதாரணம் சொல்றேன். எக்ஸ்பிரஸ் என்ட்ரின்னு ஆள் எடுக்குற முறை ஒண்ணு 2015 ஜனவரியில வந்துச்சு, அதுல வயசு, படிப்பு, இங்கிலீஷெல்லாம் பாத்து சி.ஆர்.எஸ்னு ஒரு ஸ்கோர் போடுவாங்க, மொத்தம் 1200. தனியாளா அப்ளை பண்றவருக்கு 29 வயசு வரைக்கும் வயசுக்கு மட்டும் 110, அதுவே 35 ஆனா 77, 40 ஆனா 50, 45-ல சைபர். ஒவ்வொரு பொறந்த நாளுக்கும் ஸ்கோர் இறங்கிக்கிட்டே போகும். என் வீட்டுக்காரர் மாதிரி ஐ.டி.ஐ முடிச்சு, பத்துப் பன்னெண்டு வருஷம் லேத்துலயும் சி.என்.சி-லயும் நின்னு கை பழகுனவர், முப்பத்தஞ்சு தாண்டினவர், அந்தக் கணக்குல எம்.எஸ் முடிச்ச இருபத்தெட்டு வயசுப் பிள்ளையோட போட்டி போட முடியுமா? ஸ்கோரைப் பாத்து ஆளுங்களைக் கூப்பிடுறதை டிரான்னு சொல்வாங்க, 2024-ல பொது டிராவுக்கெல்லாம் கட் ஆஃப் 520, 540-ன்னு நின்னுச்சு. போதாக்குறைக்கு வேலை ஆஃபருக்குன்னு குடுத்துக்கிட்டு இருந்த 50, 200 பாயின்ட்டையும் 2025 மார்ச் 25-ல எடுத்துட்டாங்க. அப்போ கைத்தொழில் தெரிஞ்சவனுக்கு, கொஞ்சம் வயசானவனுக்கு, சின்ன ஊர்ல நிக்கத் தயாரா இருக்குறவனுக்கு திறந்திருக்குற வாசல்னு பாத்தா பெரும்பாலும் இந்த மாகாண நாமினேஷன்தான்.

உங்க கட்டுரையில இன்னொண்ணும் விட்டுப் போச்சு. நாமினேஷன் கிடைச்சதும் பி.ஆர் வந்த மாதிரி எழுதியிருக்கீங்க. மாகாணம் காட்டுறது ஆளை மட்டும்தான், பி.ஆர் குடுக்குறது ஃபெடரல் கவர்ன்மென்ட், அதாவது மத்திய அரசு, மெடிக்கல், போலீஸ் ரெக்கார்ட், செக்யூரிட்டி எல்லாம் அவங்க பாத்துத்தான் முடிவு பண்ணுவாங்க. நாமினேஷன்லயும் ரெண்டு விதம் இருக்கு, எக்ஸ்பிரஸ் என்ட்ரியோட சேந்தது ஒண்ணு, சேராதது ஒண்ணு. 600 பாயின்ட்டுங்குறது மொத வகைக்கு மட்டும்தான், சேராத வகைக்கு பேஸ் நாமினேஷன்னு பேரு, அதுக்கு இந்த ஸ்கோரே கிடையாது, தனி வரிசை, ஒன்றரை வருஷத்துக்கு மேல காத்துக் கெடக்குறவங்க நெறைய பேர். சமையல்காரர், டிரக் டிரைவர், ஹோட்டல்ல வேலை பாக்குறவங்கன்னு பல பேர் அந்த வரிசையிலதான் நிப்பாங்க. செலவுன்னு பாத்தா மாகாணத்துக்குத் தனி ஃபீஸ், ஒன்டாரியோல 1,500 டாலர், அதுவே டொரான்டோ ஏரியாவுல வேலைன்னா 2,000. அதுக்கு மேல ஃபெடரல் ஃபீஸ், 2024 ஏப்ரல்ல ஏத்தினப்போ பெரியவங்க ஒருத்தருக்கு 1,525 டாலரா இருந்துச்சு.

இப்போ மாறிப்போன விஷயத்துக்கு வர்றேன். 2024 அக்டோபர் 24-ஆம் தேதி அப்போதைய பிரதமர் ட்ரூடோவும் இமிக்ரேஷன் மினிஸ்டர் மார்க் மில்லரும் சேந்து புது கணக்கை அறிவிச்சாங்க. மொத்த பி.ஆர் 2024-ல 4,85,000 இருந்ததை 2025-க்கு 3,95,000-ஆக் கொறைச்சாங்க. சரி, வீட்டு வாடகை ஏறிப்போச்சு, ஆஸ்பத்திரியில கூட்டம், ஜனங்க கோவமா இருக்காங்க, கொஞ்சம் கொறைக்கிறாங்கன்னு ஏத்துக்கலாம். ஆனா மாகாண நாமினேஷனுக்கு என்ன பண்ணாங்கன்னு பாருங்க, 1,10,000 இருந்ததை 55,000. அப்படியே பாதி. ஒன்டாரியோவுக்கு 21,500-ல இருந்து 10,750. பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு 8,000-ல இருந்து 4,000. எங்க சஸ்காச்சுவானுக்கு 7,250-ல இருந்து 3,625. அதுலயும் முக்கால்வாசி ஏற்கெனவே கனடாவுக்குள்ள டெம்பரரியா இருக்குறவங்களுக்குத்தான் குடுக்கணும்னு கண்டிஷன். அப்போ ஊர்ல இருந்து நேரா அப்ளை பண்றவங்களுக்கு எத்தனை மிஞ்சும்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க, எங்க மாகாணத்துக்கு அந்த வருஷம் தொள்ளாயிரம் சொச்சம், உலகம் பூராவுக்கும் சேத்து. அதுவும் 2025-ல எங்க மாகாணம் வெளிநாட்டுல இருந்து எடுக்குறதா இருந்தா ஹெல்த், விவசாயம், கைத்தொழில் இந்த மூணுக்குத்தான்னு சொல்லியிருந்துச்சு. உங்க கட்டுரையைப் படிச்சிட்டு ஊர்ல இருந்து கிளம்ப நெனைக்கிற ஐ.டி பையனுக்கு இது தெரிய வேண்டாமா?

ஊர்ல இருந்து வரப்போறவங்களாவது இதெல்லாம் தெரிஞ்சா யோசிச்சு முடிவெடுப்பாங்க. எனக்கு ரொம்ப வேதனையா இருக்குறது ஏற்கெனவே வந்து இங்கேயே வேலை பாத்துக்கிட்டு இருக்குறவங்க நெலமைதான். எங்க அபார்ட்மென்ட்ல கீழ் வீட்டுல ஒரு தம்பி இருக்கான், தஞ்சாவூர் பக்கம். ஒன்டாரியோல படிச்சவன், அங்க ஸ்கோர் எட்டாதுன்னு தெரிஞ்சு, சஸ்காச்சுவான்ல ஆள் வேணும்னு சொல்றாங்களேன்னு நம்பி இங்க வந்தான். ரெஜைனாவுல இருந்து ரெண்டு மணி நேரம் தள்ளி ஒரு சின்ன டவுன்ல ரெஸ்டாரன்ட் கிச்சன்ல குக். வாரத்துல ஆறு நாள் அங்கேயே தங்கிடுவான், ஒரு நாள் இங்க வருவான். ஜனவரியில மைனஸ் முப்பது, முப்பத்தஞ்சு, காரை ஸ்டார்ட் பண்ணணும்னா இன்ஜின் சூடா இருக்க ராத்திரியே கரண்ட்ல பிளக் போட்டு வைக்கணும், அந்த ஊர்ல ராத்திரி ஒம்பது மணிக்கு மேல சூடா சாப்பாடு கிடைக்கிற ஒரே எடம் அவன் கிச்சன்தான். ஓனரும் நல்ல மனுஷன், நாமினேஷனுக்கு பேப்பர் போடுறேன்னு சொல்லியிருந்தார். 2025-ல புது விதி வந்துச்சு. ஹோட்டல் ரெஸ்டாரன்ட், டிரக்கிங், ரீடெய்ல் கடை, இந்த மூணு துறைக்கும் சேத்து மொத்த நாமினேஷன்ல 25 சதவீதம்தான். அது மட்டும் இல்ல, ஒர்க் பெர்மிட் முடிய ஆறு மாசமோ அதுக்கும் கம்மியாவோ இருந்தாத்தான் ஓனர் அவனுக்காக அப்ளை பண்ணவே முடியும்.

இதோட அர்த்தம் வெளிய இருந்து பாக்குறவங்களுக்குப் புரியாது. ஒர்க் பெர்மிட் முடியுற வரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு இருக்கணும், கடைசி ஆறு மாசத்துல எல்லாரும் ஒரே நேரத்துல வாசல்ல வந்து முட்டுவாங்க, அதுக்குள்ள 25 சதவீதம் தீந்து போச்சுன்னா அவ்வளவுதான், மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். அந்தத் தம்பி என்ன தப்பு பண்ணான்? டேக்ஸ் கட்டுனான், ஊரை ஏமாத்தல, யாரும் போகாத டவுனுக்குப் போய் வேலை பாத்தான், மாகாணம் எதுக்கு இந்தத் திட்டத்தை ஆரம்பிச்சுதோ அதை அப்படியே செஞ்சான். நான் கேர் ஹோம்ல வேலை பாக்குறதால என் துறைக்கு முன்னுரிமை, அதுல எனக்கு சந்தோஷம்தான், எங்க ஹோம்ல ஆள் பத்தாம நாங்க படுற பாடு எங்களுக்குத்தான் தெரியும். ஆனா முன்னுரிமைங்குறது புதுசா எடுக்குறவங்களுக்கு வைங்க, ஏற்கெனவே வந்து உழைச்சுக்கிட்டு இருக்குறவன் கால்ல ஏன் விழணும் அந்தக் கத்திரி?

இதே ஆதங்கத்துலதான் 2024 மே மாசம் பிரின்ஸ் எட்வர்ட் ஐலண்ட்ல, சார்லட்டவுன்ல, வெளிநாட்டுப் பிள்ளைங்க ரோட்டுல உக்காந்து போராட்டம் பண்ணாங்க, உண்ணாவிரதம் கூட இருந்தாங்க. அங்க மாகாணமே நாமினேஷனை 25 சதவீதம் கொறைச்சு, கடை, ஹோட்டல் வேலைக்காரங்களை ஓரங்கட்டுச்சு. அவங்க கேட்டது ஒண்ணே ஒண்ணு, நாங்க வந்தப்போ இருந்த விதிப்படி எங்களைப் பாருங்க, புது விதியை இனிமே வர்றவங்களுக்கு வைங்க. இதுல நியாயம் இல்லாம என்ன இருக்கு? 2025 நவம்பர்ல ஒன்டாரியோ ஸ்கில்ட் டிரேட்ஸ்ங்குற கைத்தொழில் பிரிவையே நிறுத்தி, கையில இருந்த அப்ளிகேஷன்களை மொத்தமா திருப்பி அனுப்புச்சு, மோசடி நெறைய நடந்திருக்குன்னு காரணம் சொன்னாங்க. மோசடி பண்ணவனைப் பிடிங்க, தண்டனை குடுங்க, அஞ்சு வருஷம் தடை போட ஏற்கெனவே சட்டம் இருக்கு. நேர்மையா வேலை பாத்த வெல்டரும் பிளம்பரும் அதே கட்டுல சேந்து திரும்பிப் போனா, அவன் இழந்த வருஷத்தை யாரு குடுப்பாங்க, நான் மேல சொன்ன மாதிரி வயசு ஏற ஏற ஸ்கோரும் இறங்கிடும்.

இன்னொரு விஷயம் யாரும் வெளிய பேச மாட்டாங்க, நான் சொல்றேன். நாமினேஷன் வேலையோட கட்டி வச்சிருக்குற வரைக்கும் குடுமி ஓனர் கையில. வேலை போச்சுன்னா நாமினேஷனையே மாகாணம் வாபஸ் வாங்கலாம். நல்ல ஓனர் கிடைச்சவங்க தப்பிச்சாங்க. கெட்ட ஓனர் கிட்ட மாட்டினவங்க ஓவர்டைம் காசு கேக்க மாட்டாங்க, லீவு கேக்க மாட்டாங்க, கையில அடிபட்டாலும் வெளிய சொல்ல மாட்டாங்க. எண்ணிக்கையைப் பாதியாக் கொறைச்சா இந்தப் பயம் ரெண்டு மடங்கு ஆகும். வேலை ஆஃபர் லெட்டரையே காசுக்கு விக்கிறவங்களுக்கு அதுதான் சீசன், பத்தாயிரம் இருபதாயிரம் டாலர்னு பேரம் பேசுறாங்கன்னு காதுல விழுது. அது சட்டப்படி குத்தம், குடுத்தவனுக்கும் ஆபத்து, பொய் லெட்டர்னு கண்டுபுடிச்சா அஞ்சு வருஷம் கனடா பக்கமே தலை காட்ட முடியாது.

எதிர்த்தரப்புல ஒரு வாதம் இருக்கு, அதையும் சொல்லிடணும். பி.ஆர் கையில வந்ததும் எல்லாரும் டொரான்டோ பக்கத்துல இருக்குற பிராம்ப்டனுக்கும் மிஸ்ஸிஸ்ஸாகாவுக்கும் ஓடிடுறாங்க, அப்புறம் எதுக்கு மாகாணம் நாமினேட் பண்ணணும்னு கேக்குறாங்க. ஓடுறவங்க இருக்காங்க, இல்லன்னு சொல்லல, அட்லாண்டிக் பக்கம், முக்கியமா பிரின்ஸ் எட்வர்ட் ஐலண்ட்ல, தங்குறவங்க கம்மிதான். பி.ஆர் ஆனவங்க எந்த மாகாணத்துக்கும் போய் இருக்கலாம், வேலை பாக்கலாம்னு கனடாவோட உரிமைச் சாசனத்துல ஆறாவது பிரிவு சொல்லுது, அதை யாரும் தடுக்க முடியாது. ஆனா அப்ளை பண்ணும்போது அந்த மாகாணத்துல குடியிருக்கப் போறேன்னு சொல்லித்தான் நாமினேஷன் வாங்குறோம், மனசுல வேற ஊரை வச்சுக்கிட்டு கையெழுத்துப் போடுறது தப்பு, நம்ம பிள்ளைங்களுக்கும் இதை நாம சொல்லித் தரணும். ஒருத்தர் அப்படிப் போனா அடுத்து வர்றவங்களுக்குத்தான் கதவு இறுகும். மானிட்டோபாவுல வேற மாகாணத்துல படிச்சிருந்தா 100 பாயின்ட், வேலை பாத்திருந்தா இன்னொரு 100 கழிக்கிறாங்க, எதுக்குன்னு நெனைக்கிறீங்க?

தங்க வைக்கணும்னா அதுக்கு வழி இருக்கு. இங்க ரெஜைனாவுல நாங்க ஏன் தங்கினோம்? வீட்டு விலை டொரான்டோல பாதி கூட இல்ல, பொண்ணு நடந்தே ஸ்கூலுக்குப் போறா, பொங்கலுக்கு ஒரு ஹாலை வாடகைக்கு எடுத்தா தமிழ்க் குடும்பங்க கூடிடுது. நம்ம ஊர்ல சாம்பாருக்குப் போடுற மைசூர் பருப்பு இந்த மாகாணத்து வயல்ல விளைஞ்சு கப்பலேறிப் போறதுன்னு இங்க வந்துதான் எனக்கே தெரியும். குடும்பத்தோட வரவிட்டா, மனைவிக்கும் வேலை கிடைச்சா, பிள்ளை பள்ளிக்கூடத்துல சேந்துட்டா யாரும் சும்மா கிளம்ப மாட்டாங்க. ரெண்டு வருஷம் மூணு வருஷம் பி.ஆர் வருமா வராதான்னு அல்லாடவிட்டா அவன் அந்த ஊர்ல வீடு வாங்குவானா, வேரு விடுவானா?

2026-க்கு மாகாண நாமினேஷனை 91,500-ஆ ஏத்தியிருக்காங்க, சந்தோஷம். ஆனா ஒரு வருஷம் பாதியாக் கொறைக்கிறது, அடுத்த வருஷம் ஏத்துறதுன்னு போனா எந்தக் குடும்பம் எதை நம்பி முடிவெடுக்கும்? ஒட்டாவாவையும் மாகாணங்களையும் நான் கேக்குறது பெருசா ஒண்ணும் இல்ல. விதியை மாத்துங்க, ஆனா மாத்துற அன்னிக்கு அந்த மாகாணத்துல வேலை பாத்துக்கிட்டு, பழைய விதிப்படி தகுதியோட இருக்குறவங்களைப் பழைய விதிப்படியே பாருங்க. வரிசை நீளமா இருந்தா ஒர்க் பெர்மிட்டையும் அந்த அளவுக்கு நீட்டிக் குடுங்க. நடக்காத காரியம் இல்ல, 2024-ல மானிட்டோபா ஃபெடரல் கூட பேசி, நாமினேஷனுக்குக் காத்திருந்தவங்களுக்கு பெர்மிட்டை நீட்டி வாங்கிக் குடுத்துச்சு, எத்தனையோ குடும்பம் பொழைச்சுது. அதை ஏன் எல்லா மாகாணத்துக்கும் நிரந்தர விதியா வைக்கக் கூடாது? ஒரு ஓனரை விட்டு அதே மாகாணத்துல அதே தொழில்ல இன்னொரு ஓனர் கிட்ட போனா நாமினேஷன் கூடவே வரணும், அதையும் சேத்துக் கேக்குறேன்.

ஊர்ல இருந்து கிளம்ப நெனைக்கிறவங்களுக்கு ஒண்ணு. சென்னை, கோயம்புத்தூர், திருச்சின்னு போர்டு மாட்டிக்கிட்டு நாமினேஷன் கேரன்டின்னு சொல்ற யாரையும் நம்பாதீங்க, கேரன்டி குடுக்க இங்க இருக்குற மினிஸ்டராலயே முடியாது. காசு வாங்கிக்கிட்டு கனடா இமிக்ரேஷனுக்கு ஆலோசனை சொல்ல இங்கத்த வக்கீல் சங்கத்துல பதிவான சட்டக்காரங்க, க்யூபெக் நோட்டரி, அப்புறம் காலேஜ் ஆஃப் இமிக்ரேஷன் அண்ட் சிட்டிசன்ஷிப் கன்சல்டன்ட்ஸ்ல லைசென்ஸ் வாங்கினவங்க, இவங்களுக்கு மட்டும்தான் அனுமதி. அந்தக் காலேஜ் வெப்சைட்ல பேரைப் போட்டா லைசென்ஸ் உயிரோட இருக்கா இல்லையான்னு ஒரு நிமிஷத்துல தெரிஞ்சுடும், அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடி அதைப் பாத்துடுங்க. படிக்க வர்ற பிள்ளைங்க எந்த மாகாணத்துல பி.ஆர் கேக்கப் போறோம்னு காலேஜ் சேரும் முன்னாடியே யோசிங்க, படிச்சதுக்கு அப்புறம் மாறிக்கலாம்னா மேல சொன்ன மானிட்டோபா மாதிரி எடத்துல அடி விழும். நர்ஸிங், வெல்டிங், எலக்ட்ரீஷியன் மாதிரி தொழில் கையில இருக்குறவங்க மாகாண நாமினேஷனோட நின்னுடாம 2025 ஜனவரி கடைசியில ஆரம்பிச்ச கிராமப்புற பைலட்ங்குற சோதனைத் திட்டத்தையும் பாருங்க, மூஸ் ஜா, பிராண்டன், தண்டர் பே, சட்பரின்னு 14 ஊரு அதுல இருக்கு, அங்க அந்த ஊர் அமைப்பே வேலை குடுக்குறவங்களைத் தேர்ந்தெடுத்து ஆளைப் பரிந்துரை பண்ணும்.

ஆசிரியர் அவர்களே, அடுத்த தடவை இந்த மாதிரி கட்டுரை போடும்போது அந்த வருஷத்து ஒதுக்கீடு எவ்வளவு, அதுல வெளிநாட்டுல இருக்குறவங்களுக்கு எந்தெந்தத் தொழிலுக்கு எடம் இருக்கு, லைசென்ஸை எங்க போய்ப் பாக்கணும்னு ஒரு பெட்டிச் செய்தியாவது கூடவே போடுங்க. மாகாணத்து வெப்சைட்லயே எல்லாம் இருக்கு, உங்க நிருபருக்கு ஏதாவது புரியலன்னா எழுதிக் கேக்கச் சொல்லுங்க, எங்க ஊர்ல விவரம் தெரிஞ்ச தமிழ்க்காரங்க இருக்காங்க, நாங்க உக்காந்து பதில் எழுதித் தர்றோம்.

அன்புடன்,
உங்கள் வாசகி,
ரெஜைனா, சஸ்காச்சுவான், கனடா